கண் முகாம் இருக்கிறது, ஐஸ் பெட்டியும் இருக்கிறது... நடுவில் உள்ள 18 வருடங்களுக்கு என்ன திட்டம்?

தமிழ்நாட்டில் எந்த ஊருக்குள் பஸ்ஸில் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது அந்தப் பலகைகள்தான். பல்சக்கரச் சின்னத்தோடு ரோட்டரி சங்கம் ‘அன்புடன் வரவேற்கும்’. சற்றுத் தள்ளி, இரண்டு சிங்க முகங்களோடு அரிமா சங்கம் வரவேற்கும். ஊருக்குள் போனால் பஸ் ஸ்டாப் நிழற்குடை, அரசுப் பள்ளியின் பெஞ்சுகள், ஆஸ்பத்திரி வாசலில் குடிநீர்த் தொட்டி என்று பல இடங்களில் ‘உபயம்’ என்ற சொல்லுக்குக் கீழே இந்தச் சங்கங்களின் பெயர்கள் இருக்கும்.

முதியவர்களுக்காகவும் இவர்கள் நிறையவே செய்கிறார்கள். இலவச கண் சிகிச்சை முகாம், சர்க்கரை நோய்ப் பரிசோதனை, முதியோர் இல்லத்தில் ஒரு வேளை உணவு, குளிர்காலத்தில் போர்வை என்று பட்டியல் நீளும். ஒருவர் இறந்துவிட்டால்கூட முதலில் போன் போவது பல ஊர்களில் கிளப் நிர்வாகிக்குத்தான். ஐஸ் பெட்டி வந்து சேரும், அமரர் ஊர்தி வரும், கண் தானத்துக்கு டாக்டர் வருவார். எரிவாயு தகன மேடையையே ரோட்டரி அறக்கட்டளைகள் பராமரிக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் பல உண்டு.

ஆக, கண்புரை ஆபரேஷனுக்கு ஏற்பாடு இருக்கிறது. கடைசி யாத்திரைக்கும் ஏற்பாடு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நீண்ட காலம் கிடக்கிறதே, அதற்கு? எந்த வீட்டில் இருப்பது, மாத்திரை யார் வாங்கித் தருவது, ராத்திரி 2 மணிக்கு பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் யாரைக் கூப்பிடுவது, சொத்தை எழுதி வைத்த பிறகு பிள்ளை பார்க்காவிட்டால் எங்கே போய் நிற்பது... இந்தக் கேள்விகளுக்குத்தான் பெரும்பாலான ஊர்களில் இன்னும் ஏற்பாடு இல்லை.

இந்தியாவில் 60 வயதை எட்டிய ஒருவர் சராசரியாக இன்னும் 18 ஆண்டுகள் வாழ்கிறார் என்கின்றன அரசின் புள்ளிவிவரங்கள். ஒரு குழந்தை பிறந்து, பள்ளி முடித்து, ஓட்டுப் போடும் வயதை அடையும் அளவுக்கு நீண்ட காலம் அது. குழந்தையின் 18 வருடங்களுக்கு எவ்வளவு திட்டம் போடுகிறோம்! முதுமையின் 18 வருடங்களை மட்டும் ‘வரும்போது பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிடுகிறோம்.

வேகமாக நரைக்கும் தமிழ்நாடு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவிகிதம். 2021-ல் இது 13.6 சதவிகிதமாகவும், 2031-ல் 18.2 சதவிகிதமாகவும் உயரும் என்று மத்திய அரசின் நிபுணர் குழு கணித்தது. அதாவது, ஐந்து பேரில் ஒருவர் மூத்த குடிமகன் என்ற நிலையை நெருங்கிக்கொண்டிருக்கிறோம். கேரளாவுக்கு அடுத்து வேகமாக நரைக்கும் மாநிலங்களில் ஒன்று நம்முடையது.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். குழந்தைகள் குறைந்தார்கள், ஆயுள் கூடியது. ஒரு வீட்டில் ஒன்று அல்லது இரண்டு பிள்ளைகள். அவர்கள் பெங்களூரிலோ துபாயிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். அன்பு இல்லாமல் இல்லை. தினமும் வீடியோ காலில் வருகிறார்கள், பணம் அனுப்புகிறார்கள். ஆனால், வீடியோ காலில் வருபவரால் கீழே விழுந்தவரைத் தூக்கிவிட முடியாது. அதற்கு அதே தெருவில் ஒரு மனிதர் வேண்டும்.

அரசுத் தரப்பில் எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. இந்தியாவில் முதியோர் மருத்துவம் என்ற துறைக்கே முன்னோடி சென்னைதான். 1978-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கான தனிப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் வி.எஸ்.நடராஜன். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு பிசியோதெரபியும் உண்டு. 2024-ல் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. 70 வயதைத் தாண்டிய எல்லோருக்கும், வருமான வரம்பு பார்க்காமல், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவக் காப்பீட்டை அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு அறிமுகப்படுத்தியது.

திட்டங்கள் இருக்கின்றன. திட்டத்துக்கும் தெருக்கோடி வீட்டில் தனியாக இருக்கும் பாட்டிக்கும் நடுவில் ஒரு பாலம்தான் குறைகிறது. அந்தப் பாலமாக இருக்கும் தகுதி யாருக்கு இருக்கிறது என்று யோசித்தால், கண் முகாம்களின் கதைதான் நினைவுக்கு வருகிறது.

கண் முகாம் சொல்லித்தந்த பாடம்

அரிமா சங்கம் 1917-ல் அமெரிக்காவின் சிகாகோவில் மெல்வின் ஜோன்ஸ் என்பவரால் தொடங்கப்பட்டது. 1925-ல் அதன் மாநாட்டில் பேசிய ஹெலன் கெல்லர், பார்வையற்றவர்களுக்குத் துணை நிற்கும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டார். உலகம் முழுக்க அரிமா சங்கங்கள் கண் சிகிச்சையைக் கையில் எடுத்ததற்கு அந்தப் பேச்சுதான் தொடக்கம்.

தமிழ்நாட்டில் அதற்குச் சரியான கூட்டாளி கிடைத்தது. 1976-ல் மதுரையில் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமம் கிராமமாக முகாம் நடத்தியது. அந்த முகாம்களில் வேலைப் பங்கீடு தெளிவாக இருந்தது. டாக்டர், கருவி, ஆபரேஷன் எல்லாம் மருத்துவமனையின் பொறுப்பு. இடம் பிடிப்பது, நோட்டீஸ் அடிப்பது, ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பது, வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது, மறுபரிசோதனைக்கு ஆட்களை மறுபடி வரவழைப்பது எல்லாம் உள்ளூர்ச் சங்கங்களின் பொறுப்பு. இந்த உறவு எவ்வளவு நெருக்கமானது என்றால், மதுரையில் பிற மருத்துவமனைகளுக்குப் பயிற்சி தரும் அரவிந்தின் நிறுவனத்துக்கு ‘லயன்ஸ் அரவிந்த்’ என்றே பெயர்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கிளப் உறுப்பினர் யாரும் கண் டாக்டர் ஆகவில்லை. ஜவுளிக்கடைக்காரர் ஜவுளிக்கடைக்காரராகவே இருந்தார். அவரிடம் இருந்த சொத்து, ஊரைத் தெரிந்து வைத்திருந்ததுதான். எந்தத் தெருவில் யார் வீட்டில் பார்வை மங்கிய தாத்தா இருக்கிறார், அவரைக் கூட்டிவர யாரிடம் சொன்னால் நடக்கும் என்று அவருக்குத் தெரியும். மருத்துவமனையால் விலை கொடுத்து வாங்க முடியாத அறிவு அது.

முதுமைக் காலத்துக்கான திட்டமிடலுக்கும் இதே சூத்திரம் பொருந்தும். சட்டம் வக்கீலுக்குத் தெரியும், உடம்பு டாக்டருக்குத் தெரியும், ஊர் கிளப்புக்குத் தெரியும். மூவரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஜூலை 1 என்ற சிக்கல்

அப்படியானால் ஏன் இது பரவலாக நடக்கவில்லை? ஒரு காரணம் காலண்டரில் இருக்கிறது.

ரோட்டரியோ அரிமாவோ, சங்க ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி அடுத்த ஜூன் 30-ல் முடிகிறது. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோருக்கும் ஒரு வருடம்தான். பதவியேற்பு விழாவில் மாலை வாங்கியவருக்கு, அடுத்த பதவியேற்புக்குள் எதையாவது செய்து காட்ட வேண்டும். அதனால் ஒரே நாளில் முடிகிற வேலைகள் முன்னால் வருகின்றன. முகாம் நடத்தினால் மாலைக்குள் எத்தனை பேர் என்று கணக்குச் சொல்லலாம். தையல் மெஷின் கொடுத்தால் போட்டோ எடுக்கலாம். 75 வயது அம்மாவின் வீட்டு பாத்ரூமில் பிடிமானக் கம்பி பொருத்தியதை எப்படிப் போட்டோ எடுப்பது? அவர் விழாமல் இருந்த ஆயிரம் நாட்களை எந்த அறிக்கையில் எழுதுவது?

ஒரு வருடத் தலைவர்களைக் கொண்ட அமைப்பால் நீண்ட காலத் திட்டத்தைத் தாங்க முடியாது என்று சொல்லிவிடவும் முடியாது. போலியோவே சாட்சி. 1985-ல் ரோட்டரி போலியோ ஒழிப்பைக் கையில் எடுத்தது. இந்தியாவின் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் பதிவானது. 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத பகுதியாகச் சான்று பெற்றது. நடுவில் ஏறத்தாழ 30 தலைவர்கள் மாறிவிட்டார்கள், இலக்கு மாறவில்லை.

உள்ளூர் அளவில் இதற்கு ஒரு வழி ஏற்கெனவே பழக்கத்தில் இருக்கிறது. கண் மருத்துவமனை, பள்ளி, தகன மேடை போன்ற நிரந்தர வேலைகளுக்கு, சங்கங்கள் தனியாக ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்கின்றன. தலைவர் மாறினாலும் அறங்காவலர்கள் தொடர்வார்கள். மயானத்துக்கு அறக்கட்டளை வைக்க முடிகிறதென்றால், மனிதர்கள் உயிரோடு இருக்கும் வருடங்களுக்கும் வைக்க முடியும்.

திங்கட்கிழமை கிளப் கட்டிய வீடு

சிறிய குழு ஒன்று இந்த வேலையைத் தொடர்ந்து செய்ய முடியும் என்பதற்குச் சென்னையிலேயே உதாரணம் உண்டு. சாவித்திரி வைத்தியும் அவருடன் சேர்ந்த பெண்களும் நடத்திய அமைப்பின் பெயர் ‘மண்டே சாரிட்டி கிளப்’. 1978-ல் இந்தக் குழு ஆதரவற்ற மூதாட்டிகளுக்காகத் தொடங்கிய இல்லம்தான் ‘விஷ்ராந்தி’. பெண்களே பெண்களுக்காக, கட்டணம் வாங்காமல் நடத்திய இந்த இல்லம், பல பத்தாண்டுகளாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாலவாக்கத்தின் அடையாளங்களில் ஒன்று. உலகளாவிய அமைப்பு, ஆளுநர் பதவி, மாவட்ட எண் எதுவும் இல்லாத ஒரு சின்ன கிளப்பின் சாதனை இது.

கடல் கடந்தும் ஒரு கதை. லண்டனின் பெர்மன்ட்ஸி பகுதியில், ராணுவத்திலிருந்து விலகிய மேஜர் ரிச்சர்ட் கார்-கோம், முதியவர்களின் வீடுகளில் தரை துடைத்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். ‘தரை தேய்க்கும் மேஜர்’ என்றே அவருக்குப் பட்டப்பெயர். வறுமையைவிடத் தனிமைதான் அவர்களை அதிகம் வாட்டுகிறது என்று அவருக்குப் புரிந்தது. 1956-ல் தன் பணத்தில் ஒரு சிறிய வீடு வாங்கி, தனியாக இருந்த முதியவர்களைக் குடிவைத்தார். ஆளுக்கொரு அறை, அதில் அவரவர் கட்டில் மேஜை, சேர்ந்து சாப்பிட ஒரு கூடம், சமைத்துப்போட ஒருவர். ‘ஆபிஃபீல்ட்’ என்ற பெயரில் இந்த மாதிரி பல ஊர்களுக்குப் பரவியது. ஒவ்வோர் ஊரிலும் வீட்டை நடத்தியது அந்த ஊர்த் தன்னார்வலர்களின் குழுதான்.

இதில் நமக்கான விஷயம் அளவு. நூறு பேர் தங்கும் கட்டடம் தேவைப்படவில்லை. ஒரு தெருவில் ஒரு வீடு போதும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, மாடியும் கூடமுமாகப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் நம் ஊர்களில் எத்தனை? பழகிய கோயில், பழகிய காய்கறிக்காரர், பழகிய டாக்டர் எல்லாம் பக்கத்திலேயே இருக்க, நான்கைந்து பேர் செலவைப் பகிர்ந்துகொண்டு சேர்ந்து வாழும் வீட்டை ஓர் ஊர் கிளப்பால் யோசித்துப் பார்க்க முடியும்.

தனிமைக்கு ரோட்டரிக்காரர்கள் கண்டுபிடித்த இன்னொரு மருந்து ‘புரோபஸ்’. 1965, 66-ல் இங்கிலாந்தின் இரண்டு ஊர்களில், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ரோட்டரி உறுப்பினர்கள் தங்களைப் போன்றவர்களுக்காகத் தொடங்கிய கிளப் இது. ‘புரொபஷனல்’, ‘பிசினஸ்’ என்ற இரு சொற்களின் முன்பாதிகளைச் சேர்த்து வைத்த பெயர். இங்கே நன்கொடை வசூல் கிடையாது, ‘புராஜெக்ட்’ கிடையாது. கூடுவது, ஒரு பேச்சைக் கேட்பது, சேர்ந்து சாப்பிடுவது, ஊர் சுற்றுவது. இவ்வளவுதான். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை பரவி, இந்தியாவிலும் இந்த கிளப்கள் இருக்கின்றன. பக்கத்து ஊர் பூங்காவில் காலையில் கூடும் வாக்கிங் நண்பர்கள் குழுவும் ஒரு வகையில் புரோபஸ்தான். பெயர்ப் பலகை மட்டும்தான் இல்லை!

ஒரு கிளப், ஒரு வருடம், நான்கு வேலைகள்

பெரிய கட்டடம், பெரிய நிதி எல்லாம் பிறகு. இந்த ஆண்டே தொடங்கக்கூடிய வேலைகள் நான்கு.

*முதல் வேலை: வீட்டைப் பார்ப்பது*

பெரும்பாலான முதியவர்கள் விரும்புவது சொந்த வீட்டில் இருக்கத்தான். அந்த வீடு அவர்களுக்கு ஏற்றதாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. 35 வயதில் கட்டிய வீடு, 75 வயதுக்குப் பொருந்தாது. பளபளக்கும் டைல்ஸ், உயரமான வாசற்படி, மாடியில் படுக்கையறை, இருட்டான நடைபாதை எல்லாமே ஆபத்து.

கிளப்பில் சிவில் இன்ஜினீயர் ஒருவர், பிளம்பர் ஒருவர், பிசியோதெரபிஸ்ட் ஒருவர் என்று மூன்று பேர் சேர்ந்து, மாதம் நான்கு வீடுகளைப் பார்க்கலாம். பாத்ரூமில் கமோடுக்குப் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் பிடிமானக் கம்பி, வழுக்காத மேட், வெளியிலிருந்து திறக்கக்கூடிய தாழ்ப்பாள், கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு, கால் தடுக்கும் மிதியடிகளை அகற்றுவது, படிக்கட்டின் இரு பக்கமும் கைப்பிடி. இவ்வளவுதான் வேலை. இடுப்பு எலும்பு முறிவுக்கு ஆகும் ஆபரேஷன் செலவோடு ஒப்பிட்டால், இது ஒன்றுமே இல்லை.

வீல் சேர், வாக்கர், சாய்த்து உயர்த்தும் கட்டில், காற்று மெத்தை போன்றவற்றை வாங்கி வைத்து, தேவைப்படுகிறவர்களுக்கு இரவல் கொடுக்கும் பழக்கம் பல கிளப்களில் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் ஊரில் அது யாரிடம் இருக்கிறது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியில் எல்லோருக்கும் தெரியப்படுத்தினாலே பெரிய உதவி.

*இரண்டாவது வேலை: காகிதங்களைச் சரிசெய்வது*

நம் வீடுகளில் உயில் என்ற சொல்லே அபசகுனம். ஆனால், உயில் எழுதுவது எளிது. முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவு செய்வதும் கட்டாயம் இல்லை. எழுதியவரின் கையெழுத்தும், இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் இருந்தால் போதும். பதிவு செய்துவைத்தால் பிற்காலச் சண்டைக்கு இடம் குறையும். உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

செட்டில்மென்ட் பத்திரம் அப்படி அல்ல. எழுதிக் கொடுத்து பதிவு செய்த அன்றே சொத்து கைமாறிவிடும். ‘கடைசிவரை பார்த்துக்கொள்வான்’ என்ற நம்பிக்கையில் வீட்டை எழுதிக்கொடுத்துவிட்டு, பிறகு அதே வீட்டில் விருந்தாளி ஆனவர்களின் கதை எல்லா ஊரிலும் உண்டு.

இதற்காகவே 2007-ல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் வந்தது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்யக் கோர, இதன் 23-வது பிரிவு வழிசெய்கிறது. நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டத்தின் நோக்கமே முதியோர் நலன்தான் என்பதால் அதைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு சொன்னது. சாமானியர் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுதான்: எழுதிக் கொடுப்பதாக இருந்தால், ‘என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்’ என்ற வரி பத்திரத்திலேயே இருக்கட்டும்.

இந்தச் சட்டத்தில் கிளப்களுக்கென்றே ஒரு வாசல் இருப்பது பலருக்கும் தெரியாது. பராமரிப்பு கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாத முதியவர் சார்பில், அவர் அதிகாரம் அளித்தால், பதிவு பெற்ற தன்னார்வ அமைப்பு மனு கொடுக்கலாம். மனுவை விசாரிக்கும் முன்பு சமரசம் பேச, அத்தகைய அமைப்பின் பிரதிநிதியையே சமரச அலுவலராகத் தீர்ப்பாயம் நியமிக்கலாம். பெற்ற பிள்ளைமேல் வழக்கு போட எந்த அம்மாவுக்கும் மனம் வராது. ஊரில் மதிப்புள்ள நான்கு பேர் முதலில் உட்கார்ந்து பேசினால், பல வீடுகளில் வழக்கே தேவைப்படாது.

*மூன்றாவது வேலை: அரசுத் திட்டங்களோடு இணைப்பது*

70 வயதானவர்களுக்கான காப்பீட்டு அட்டை, முதியோர் ஓய்வூதியம், மக்களைத் தேடி மருத்துவம் எல்லாவற்றுக்கும் ஆதார், மொபைல் எண், ஓ.டி.பி என்று ஏதோ ஒன்று தேவைப்படுகிறது. போன் திரையைப் பார்த்தாலே கை நடுங்குகிறவர்களுக்கு அதுவே மலை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லூரி மாணவர்களை உட்கார வைத்து ஓர் உதவி மேஜை போட்டால் போதும். ரோட்டரிக்கு ரோட்டராக்ட், அரிமாவுக்கு லியோ என்று இளைஞர் பிரிவுகள் இருக்கவே இருக்கின்றன.

முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. கட்டணம் இல்லை, காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம். ஊரில் வைக்கும் ஒவ்வொரு ‘உபயம்’ பலகையிலும் இந்த ஐந்து இலக்கத்தை எழுதினால், அந்தப் பலகைக்கு இன்னும் கொஞ்சம் உயிர் வரும்.

தமிழக அரசின் 2025-26 பட்ஜெட்டில் ‘அன்புச்சோலை’ என்ற பெயரில் முதியோருக்கான 25 பகல்நேர மையங்கள் அறிவிக்கப்பட்டன. காலையில் வந்து, மாலையில் வீடு திரும்பும் இத்தகைய மையங்கள் எல்லா ஊருக்கும் வர நாளாகும். ஆனால், வாரத்தில் ஐந்து நாள் பூட்டிக் கிடக்கும் கிளப் கட்டடம் பல ஊர்களில் இன்றே இருக்கிறது. கேரம் போர்டு, நாளிதழ், ஒரு டம்ளர் காபி, ரத்த அழுத்தம் பார்க்க ஒரு நர்ஸ். பகல்நேர மையம் தொடங்க இதைவிட அதிகம் தேவையில்லை.

*நான்காவது வேலை: தினம் ஒரு போன்*

நான்கில் செலவே இல்லாதது இதுதான். தனியாக இருக்கும் முதியவர்களின் பட்டியல் ஒன்று. அதில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஓர் உறுப்பினர் பெயர். தினமும் காலை ஒரு போன்: ‘அம்மா, எழுந்துட்டீங்களா? காபி ஆச்சா?’ பதில் வராவிட்டால், பத்து நிமிடத்தில் வீட்டுக்குப் போய்ப் பார்க்க இன்னொருவர். மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது, எந்த டாக்டர், என்ன மாத்திரை, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் எண் எல்லாம் ஒரு பக்கத்தில். ‘அப்பா போனை எடுக்கலையே’ என்று நள்ளிரவில் தவிக்கும் மகளுக்கு, அந்த ஒரு பக்கம் தரும் நிம்மதியை எந்த கேமராவும் தராது.

சீனியர் லிவிங் குடியிருப்புக்குப் போகிறவர்களுக்கு...

சொந்த வீட்டில் தொடர முடியாதவர்கள், விரும்பாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக வளர்ந்திருப்பதுதான் ‘சீனியர் லிவிங்’ குடியிருப்புகள். இந்தியாவில் இத்தகைய குடியிருப்புகள் அதிகம் உள்ள நகரங்களில் கோவைக்கு முக்கிய இடம் உண்டு. இதமான பருவநிலை, நல்ல மருத்துவமனைகள், விமான நிலையம் எல்லாம் சேர்ந்து வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர்களை அங்கே ஈர்த்திருக்கின்றன.

முதியோர் இல்லம் என்ற சொல்லோடு ஒட்டியிருந்த கைவிடப்பட்ட உணர்வு இங்கே இல்லை. விரும்பித்தான் போகிறார்கள். ஆனால், லட்சங்களைக் கொடுக்கும் முன்பு சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். கிளப்கள் உறுப்பினர்களுக்காக ஒரு நாள் பஸ் பிடித்து, இரண்டு மூன்று குடியிருப்புகளைச் சுற்றிக் காட்டலாம். போகும்போது இந்தப் பட்டியலைக் கையில் கொடுக்கலாம்.

• வீடு விலைக்கா, குத்தகைக்கா, டெபாசிட் கட்டி வாடகைக்கா? டெபாசிட் எப்போது, எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

• விலைக்கு வாங்கும் புதிய திட்டம் என்றால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ‘ரெரா’வில் பதிவாகியிருக்கிறதா?

• மாதாந்தரப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு? ஆண்டுதோறும் எத்தனை சதவிகிதம் கூடும்? சாப்பாடு அதில் சேர்த்தியா?

• நடமாட முடியாமல் படுக்கையில் விழுந்துவிட்டால் அங்கேயே பார்த்துக்கொள்வார்களா, வேறு இடம் பார்க்கச் சொல்வார்களா? மறதி நோய் வந்தால்?

• இரவில் நர்ஸ் இருப்பாரா? ஆம்புலன்ஸ் உள்ளேயே நிற்குமா? பெரிய மருத்துவமனை எத்தனை நிமிட தூரம்?

• கணவன், மனைவியில் ஒருவர் மறைந்தால், மற்றவர் அதே விதிமுறையில் தொடரலாமா?

• நடத்தும் நிறுவனம் மாறினால் ஒப்பந்தம் என்ன ஆகும்?

ஓய்வுகாலக் குடியிருப்புகளுக்காக மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-ல் மாதிரி வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. கட்டடம் எப்படி இருக்க வேண்டும், ஒப்பந்தம் எப்படி இருக்க வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. கிளப்பில் இருக்கும் வக்கீல் ஒரு மாலை உட்கார்ந்து அதைத் தமிழில் எளிமையாக விளக்கினால், அதுவும் ஒரு சேவை முகாம்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியம், முடிவை எடுக்கும் வயது. 65-ல் இடம் மாறுகிறவர் புது நண்பர்களைப் பிடித்துக்கொள்வார். 82-ல், ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கொண்டுபோய் விடப்படுகிறவருக்கு, அது எவ்வளவு வசதியான இடமாக இருந்தாலும் அந்நியமாகத்தான் இருக்கும். பெட்டி கட்டும்போது எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று தீர்மானிப்பவர் அந்த முதியவராகவே இருக்க வேண்டும்.

உறுப்பினர்களுக்கும் வயதாகிறது

இதையெல்லாம் யாருக்காகவோ செய்கிற தர்மம் என்று நினைக்க வேண்டாம். எந்தச் சங்கத்தின் வாரக் கூட்டத்துக்குப் போனாலும் தெரியும், முன்வரிசைகளில் வெள்ளை முடி அதிகம். இருபது, முப்பது வருடங்களுக்கு முன்பு முகாமில் பெஞ்ச் தூக்கிப் போட்டவர்கள், இன்று அதே முகாமில் கண் காட்ட வரும் வயதில் இருக்கிறார்கள். ஊருக்கே உதவியவர்களுக்கு, தனக்கு உதவி வேண்டும் என்று கேட்கக் கூச்சம். ‘முன்னாள் தலைவர்’ என்ற பட்டத்தோடு வீட்டில் தனியாக இருப்பவர்களை, கூட்டத்துக்கு வராமல் போன பிறகு யாரும் தேடுவதில்லை.

எனவே, தொடக்கத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளலாம். முதல் போன் பட்டியலில் முதல் பெயர்கள், வருகையைக் குறைத்துக்கொண்ட மூத்த உறுப்பினர்களுடையதாக இருக்கட்டும். அவர்கள் மறைந்துவிட்டால், அவர்களின் மனைவிமார் பெயர்கள் பட்டியலிலிருந்து நீங்காமல் இருக்கட்டும். பெண்கள்தான் அதிக காலம் வாழ்கிறார்கள், அதிகம் தனியாக வாழ்வதும் அவர்கள்தான்.

நீங்கள் எந்த கிளப்பிலும் உறுப்பினர் இல்லையா? பரவாயில்லை. குடியிருப்போர் நலச் சங்கம், மகளிர் குழு, கோயில் கமிட்டி, பள்ளிக்கூட முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழு, எதுவாக இருந்தாலும் இந்த வேலைக்குப் பொருந்தும். தேவைப்படுவது ஒரு நோட்டு, ஒரு போன், வருடா வருடம் பொறுப்பு மாறினாலும் அந்த நோட்டை மட்டும் மாற்றாமல் கைமாற்றிக் கொடுக்கும் ஒழுங்கு.

உங்கள் அப்பா, அம்மாவிடம் இந்த வாரம் போனில் பேசும்போது ‘சாப்பிட்டீங்களா?’ என்பதோடு இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘நம்ம வீட்டு மாற்றுச் சாவி பக்கத்து வீட்டில் யார்கிட்ட இருக்கு? பாத்ரூமில் பிடிச்சுக்கக் கம்பி இருக்கா?’ இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், அடுத்த போனை உங்கள் ஊர் கிளப் செயலாளருக்குப் போடலாம்.